ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளம்



இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிள்ளைகளுக்குப் புது மடிக்கணினி வந்தால், பல வீடுகளில் முதல் காரியம் அதற்குச் சந்தனம், குங்குமம் வைப்பதுதான். “அதில் லினக்சையும் சேர்த்துப் போடு” என்று நாம் சொன்னாலோ, “பெட்டி கெட்டுவிடும்” என்கிறார்கள். கெட்டதைக் கண்டவர் யார் என்றால், எல்லோரும் சொல்லுகிறார்கள் என்பதே பதில்!

2011-ல் தமிழ்நாடு அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் துவங்கியபோது, விண்டோசும், சி-டாக் ஆக்கிய பாஸ் லினக்சும் ஒரே பெட்டியில்தானே இருந்தன? பெட்டி வெடித்துவிட்டதா?

லினக்ஸ் என்பது 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் துவக்கியது. அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். விண்டோசினுடையதோ மூடிக் கிடப்பது. படிக்கக்கூடாதென்று வேதத்தை மூடி வைத்தவர்களிடம் நாம் பட்டது போதாதா?

ஆபத்தே இல்லையென்று நாம் சொல்லவரவில்லை. வட்டைப் பிரிக்கையில் தவறினால் கோப்புகள் அழியும். அது சாமி குற்றமல்ல, கைக் குற்றமேயாகும். ஆகையால் முதலில் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள். பிட்லாக்கர் மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். விண்டோசைக் கொண்டே வட்டில் இடம் ஒதுக்குங்கள். லினக்சை நிறுவுமுன் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபையும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். நிறுவியபின், திறக்கும்போதெல்லாம் எது வேண்டுமென்று கணினியே கேட்கும்.

தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவனுக்கு வேண்டும் என்பதே நமது பேச்சு. நாம் சொல்வதையும் அப்படியே நம்பாதீர்கள். சோதித்துப் பார்த்து, சரியெனப் பட்டால் கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளுங்கள்.