கொடியடுப்பும் மின் நிலையமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஏற்காடு மலையைப் பார்த்துக்கொண்டே படித்தவன் நான். தெர்மோடைனமிக்ஸ் தாளில் முதல் தடவை கோட்டை விட்டவனும்கூட. "வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற முடியாது" என்று மனப்பாடமாக எழுதினேன்; புரியவில்லை. புரிய வைத்தது அம்மாயி வீட்டுக் கொடியடுப்பு. முன்னடுப்பில் சோறு கொதிக்கும். மிச்ச அனல் பக்கத்து அடுப்புக்குப் போய் வெந்நீர் காய வைக்கும். அதற்கென்று தனியாக ஒரு சுள்ளிகூட வைப்பதில்லை.

கம்பைண்டு சைக்கிள் மின் நிலையமும் இதேதான். காற்றை அழுத்தி, எரிவாயுவை எரித்து, அந்தச் சூட்டு வாயுவால் முதல் டர்பைன் சுற்றுகிறது. வேலை முடித்து வெளியே வரும்போதும் வாயுவின் சூடு 500 டிகிரி செல்சியசுக்கு மேல்! அதை வெப்ப மீட்புக் கொதிகலனுக்குள் விட்டு நீராவியாக்கி, இரண்டாவது டர்பைனைச் சுற்றுகிறோம். கேஸ் டர்பைன் தனியாக ஓடினால் எரிபொருளின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரம். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய பாதி. இன்றைய பெரிய நிலையங்கள் 60 சதவீதத்தையும் தாண்டிவிட்டன.

நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2001இல் இயங்கத் தொடங்கிய திருவாரூர் மாவட்டத்துக் கோவில்களப்பால் நிலையத்தின் நிறுவுதிறன் சுமார் 108 மெகாவாட். கேஸ் டர்பைன் 70. மீதி 38 நீராவியில். அந்த 38க்குத் தனி எரிபொருள் கிடையாது. 1996இல் அமைந்த சென்னை பேசின் பிரிட்ஜ் நிலையத்தில் 30 மெகாவாட் கேஸ் டர்பைன்கள் நான்கு. நீராவிப் பகுதி இல்லை. அவசரத்துக்குச் சட்டென்று ஓட்டலாம். ஆனால் சூடு புகைபோக்கியோடு போய்விடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நிலையத்தில் எனக்கு இரவு ஷிப்டு. கண்டென்சரில் வெற்றிடம் குறைவதைப் பார்த்தும், 'காலையில் சொல்லிக்கலாம்' என்று விட்டுவிட்டேன். விடிவதற்குள் நீராவி டர்பைன் டிரிப் ஆகிவிட்டது. கேஸ் டர்பைன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எரிவாயுவும் அதே அளவு எரிந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் ஆகாயத்துக்குப் போனது. ஷிப்டு பொறுப்பாளர் சத்தம் போடவில்லை. "தம்பி, ரீடிங் எழுதறதுக்கு மட்டும் உன்னை உக்கார வைக்கல. சந்தேகம்னா அப்பவே சொல்லணும்" என்றார். எந்தத் தேர்வும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

தம்பி தங்கைகளே, அடுத்த முறை மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு இண்டஸ்டிரியல் விசிட் போனால், குளிர்விப்புக் கோபுரத்தின் முன் நின்று போட்டோ எடுப்பதோடு விட்டுவிடாதீர்கள். 'இந்தச் சூடெல்லாம் எங்கே போகுது?' என்று கேளுங்கள். அரியர் வைத்திருப்பவர்களும் தைரியமாகக் கேட்கலாம். நானும் வைத்தவன்தான்!