கோடு காட்டுவதும் கோடு மறைப்பதும்



ஓய்வூதியத் தொகையையும் மகளின் திருமணத்திற்கெனச் சேர்த்த பணத்தையும் பரஸ்பர நிதியில் இட்டு வைத்திருக்கும் குடும்பங்கள் இன்று பல. அவர்களுட் சிலர் கைப்பேசியில் தோன்றும் ஏற்ற இறக்கக் கோட்டை நாள்தோறும் பார்க்கின்றனர். கோடு வளைந்தால் விற்கின்றனர், நிமிர்ந்தால் வாங்குகின்றனர். அக்கோடு எதைக் காட்டவல்லது, எதை மறைக்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

விலையின் போக்கை வரைந்து வருங்காலத்தை உய்த்துணரும் முயற்சி பழையது. ஜப்பானில் ஒசாகா நகரின் தோஜிமா அரிசிச் சந்தை 18ஆம் நூற்றாண்டிலேயே புகழ்பெற்றிருந்தது. மெழுகுவத்தி வரைபடத்தின் தோற்றத்தை அந்நாட்டு அரிசி வணிகரோடு இணைத்துக் கூறுவது மரபு. அமெரிக்காவில் சார்லஸ் டௌ என்பாரின் கருத்துகள் இத்துறைக்கு அடித்தளமாயின. எட்வர்ட்ஸ், மகீ ஆகிய இருவரும் எழுதி 1948இல் வெளிவந்த நூல் ‘தலையும் தோள்களும்’ போன்ற வடிவங்களை விரித்துரைத்தது.

இவ்வடிவங்கள் பங்குக்கென வகுக்கப்பட்டவை. பங்குக்கு நாள்தோறும் தொடக்க விலை, உச்சம், தாழ்வு, முடிவு விலை என நான்கு உண்டு. கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையும் உண்டு. வாங்குவோரும் விற்போரும் மோதிய சுவடு அவற்றில் பதிகிறது. பரஸ்பர நிதிக்கோ நாளொன்றுக்கு ஒரே எண். அதுவே நிகரச் சொத்து மதிப்பு. கடை கட்டும் நேரத்தில் கல்லாவை எண்ணினால் தொகை தெரியும். பகல் முழுதும் நடந்த பேரம் தெரியாது. மேலும், பங்குத் திட்டத்தில் பிற்பகல் 3 மணிக்குள் விற்பனை வேண்டுகோள் தந்தவர்க்கு அன்றைய முடிவு மதிப்பே கிடைக்கும். திரையில் கண்டது முந்தைய நாளின் மதிப்பு. கைக்கு வருவது வேறொரு மதிப்பு.

கோடு ஏமாற்றும் இடங்களும் உண்டு. 40 ரூபாய் மதிப்புள்ள அலகுக்கு 4 ரூபாய் பங்கீடு வழங்கினால் மதிப்பு 36 ஆகும். வரைபடத்தில் அது சரிவுபோல் தோன்றும். குறைந்த 4 ரூபாயோ முதலீட்டாளரின் கைக்கே வந்திருக்கிறது. ஆகவே வளர்ச்சி வகையின் கோட்டையே நோக்குதல் தகும். அன்றியும், 10இலிருந்து 20க்கு உயர்வது நூறு விழுக்காடு. 100இலிருந்து 110க்கு உயர்வது பத்து விழுக்காடு. சாதாரண அளவுகோலில் இரண்டும் ஒரே உயரமாகத் தோன்றும். மடக்கை அளவுகோலில் வரைந்தாலன்றி நீண்டகால உண்மை விளங்காது.

200 நாள் நகரும் சராசரியை ஓர் எல்லையாகக் கொள்வோர் பலர். 2020ஆம் ஆண்டைக் காண்போம். நிஃப்டி குறியீடு பிப்ரவரி இறுதியில் அச்சராசரிக்குக் கீழே இறங்கி, 28ஆம் நாள் ஏறத்தாழ 11,200இல் முடிந்தது. மார்ச் 23 அன்று 7,610 வரை வீழ்ந்தது. மீண்டும் சராசரியைக் கடந்தது ஜூலையில், 11,000ஐ ஒட்டிய நிலையில். விதியைத் தவறாது பின்பற்றியவர் நடுவிலிருந்த பேரச்சத்திலிருந்து தப்பினார். ஆயினும் விற்ற விலைக்கும் மீண்டும் வாங்கிய விலைக்கும் இடைவெளி சிறிதே. வெளியேறும் கட்டணமும் வரியும் அதனையும் உண்டிருக்கும். ஒன்றும் செய்யாதிருந்தவரோ, ஜனவரியில் இருந்த உச்சத்தை நவம்பரில் மீளக் கண்டார். விதியை அறியாமல் மார்ச்சில் அஞ்சி விற்றவரே பேரிழப்புக்கு ஆளானார்.

சீரான கோடும் காவலன்று. 2020 ஏப்ரல் 23 அன்று ஒரு நிதி நிறுவனம் தன் ஆறு கடன் திட்டங்களை முடிவுக்குக் கொணர்வதாக அறிவித்தது. அவற்றின் கோடுகள் பல்லாண்டுகள் பெரும்பாலும் மென்மையாகவே ஏறியிருந்தன. உள்ளிருந்த கடன் பத்திரங்களை அவசரத்தில் விற்க இயலாது என்பதைக் கோடு சொல்லவில்லை. பணம் பின்னர்த் தவணைகளாகத் திரும்பியது. எனினும் அன்றே மருத்துவச் செலவுக்குத் தேவைப்பட்டவர்க்கு அத்தவணை எவ்வாறு உதவும்?

அங்ஙனமாயின் வரைபடம் பயனற்றதா? அன்று, கேட்கும் வினா மாறவேண்டும். நிதியின் மதிப்பை, ஈவுத்தொகையும் சேர்ந்த ஒப்பீட்டுக் குறியீட்டால் வகுத்து அவ்விகிதத்தைக் கோடாக வரைக. கோடு பல்லாண்டுகள் தாழ்ந்தே சென்றால், சந்தை ஏறியதால் மட்டுமே நிதி ஏறியது என்பது புலனாகும். உச்சத்திலிருந்து எவ்வளவு வீழ்ந்தது, மீள எத்தனை மாதம் ஆயிற்று என்பதையும் குறிக்க. பாதி இழந்த பணம் பழைய நிலையை எய்த இருமடங்காக வேண்டும் என்பதை மறவற்க. நிதி எவற்றில் முதலிட்டுள்ளது என்னும் மாதாந்திரப் பட்டியலையும், ஆண்டுதோறும் கழியும் செலவு விகிதத்தையும் உடன் படிக்க.

பேரேட்டை நன்கறிந்த வணிகர் ஒரு நாள் விற்பனையைக் கண்டு கடையை மூடார். ஆண்டிறுதி ஐந்தொகையைப் பாராமலும் இரார். மூன்றாண்டில் தேவைப்படும் திருமணப் பணத்தைப் பங்குச் சந்தையில் வைத்தபின் எந்தக் கோடும் காப்பாற்றாது. பணம் எப்போது தேவை என்பதை முதலில் வரைக. நிதியின் கோட்டைப் பிறகு பார்க்க.