பனிக்கட்டி ஆலையும் அமோனியாவும்



கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீண்டு செல்லும் கரையோரத்திலே கடலும் வயலும் அருகருகே கிடக்கின்றன. ஒருபுறம் கரைவலை இழுப்போர்; மறுபுறம் வெள்ளாமை செய்வோர். இவ்விரு சாராரும் தாம் கண்ணாற் காணாத ஒரு பொருளுக்குக் கடமைப்பட்டவர்கள். மீனைக் கெடாது காக்கும் பனிக்கட்டியைப் பெரிய ஆலைகளில் உறையச் செய்வதும், நெற்பயிருக்கு இடும் யூரியாப் பசளைக்கு மூலப்பொருளாவதும் அமோனியா என்னும் அந்த ஒரே பொருள்தான்.

அமோனியா, நைதரசனும் ஐதரசனும் சேர்ந்து உண்டான வாயு. நிறமற்றது, மூக்கைத் துளைக்கும் நெடியுடையது. சாதாரண அழுத்தத்தில் அது பூச்சியத்துக்குக் கீழே 33 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். அதனை இயந்திரத்தால் அழுத்திக் குளிரச் செய்தால் திரவமாகும். பின்னர் அழுத்தத்தைத் தளர்த்தினால், சூழவுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு மீண்டும் வாயுவாகும். இவ்வாறு வெப்பம் இழந்து குளிர்ந்த உப்புநீர்த் தொட்டியிலே நன்னீர் நிரப்பிய தகரப் பெட்டிகளை அமிழ்த்தி வைக்கிறார்கள். அந்நீரே பாளம் பாளமாக உறைந்து, பொடியாக்கப்பட்டு, மீன் பெட்டிகளிலும் லொறிகளிலும் ஏறுகிறது. ஓசோன் படலத்துக்கு ஊறு செய்யாத குளிரூட்டி என்பதனாலும் அமோனியாவுக்கு உலகெங்கும் மதிப்பு உண்டு.

இத்துணை நன்மை செய்யும் பொருளைப் பற்றி, "ஆபத்தானது, கவனம்" என்று ஆலைக் கதவிலே எழுதிவைத்தால் போதுமா? போதாது என்பதே நான் இன்று சொல்ல விழைவது. எந்த வகை ஆபத்து, எவ்வளவு கடுமையானது என்று பிரித்துச் சொல்லாத எச்சரிக்கை, கேட்பவனை அஞ்ச வைக்குமேயன்றிக் காப்பாற்றாது. ஓர் ஆபத்துக்கு இடும் வேலி மற்றோர் ஆபத்தைத் தடுப்பதில்லை.

இரசாயனப் பொருள்களின் ஆபத்தை ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி வகுத்துவந்த காலம் ஒன்று இருந்தது. ஒரு நாட்டில் நஞ்சு எனப்பட்டது, மற்றொரு நாட்டுத் துறைமுகத்தில் இறங்கும்போது வெறும் சரக்காகிவிடும். இக்குறையை நீக்கவேண்டும் என்று 1992 ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோவிற் கூடிய உலக மாநாடு முடிவு செய்தது. அதன் பயனாக, 2003 ஆம் ஆண்டில், உலகெங்கும் பொதுவான பாகுபாட்டு முறை ஒன்றை ஐக்கிய நாடுகள் நிறுவனம் வெளியிட்டது. அம்முறை ஆபத்துகளை மூன்று பெரும் பிரிவாக்குகிறது. தீப்பற்றுதல், வெடித்தல் முதலியன பௌதிக ஆபத்துகள். நஞ்சூட்டுதல், தோலையும் கண்ணையும் அரித்தல் முதலியன உடல்நல ஆபத்துகள். நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கு செய்தல் போன்றவை சூழல் ஆபத்துகள். ஒவ்வொரு வகையும் மேலும் தரங்களாகப் பிரிக்கப்படும். இங்கே ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். பரீட்சையில் முதலாந்தரம் என்றால் மகிழ்கிறோம். இப்பாகுபாட்டிலோ முதலாந்தரமே எல்லாவற்றிலும் கொடியது. எண் குறையக் குறைய ஆபத்துக் கூடும்.

இனி, இந்த அளவுகோலை அமோனியாவின்மேல் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, அது அழுத்தத்தில் அடைபட்ட வாயு. திரவமாக்கப்பட்ட அமோனியா ஒரு பங்கு வெளிப்பட்டால், ஏறக்குறைய 850 பங்கு வாயுவாக விரியும். சிலிண்டர் சூடேறினால் உள்ளழுத்தம் ஏறி வெடிக்கக்கூடும்.

இரண்டாவது, அது நஞ்சு. சோதனை எலிகளிற் பாதி, நான்கு மணி நேரத்தில் இறப்பதற்குப் பத்து இலட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு வாயு வேண்டும் என்பதே இங்கு அளவு. 500 பங்குக்கு மேற்பட்டு 2500 பங்குக்குள் அமைந்தால் அது மூன்றாந்தரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியல் அமோனியாவை இம்மூன்றாந்தரத்தில் வைத்துள்ளது. தொழிலாளர் எட்டு மணி நேரம் வேலை செய்யும் இடத்துக்குப் பல நாடுகள் கொண்டுள்ள வரம்பு 25 பங்கு. 300 பங்கு என்பது உயிருக்கு உடனடி ஆபத்து விளைக்கும் அளவு என்று அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் கொள்கிறது.

மூன்றாவது, அது அரிக்கும் பொருள். அமோனியா நீரில் வெகு எளிதாகக் கரையும், கரைந்தால் காரமாகும். கண்ணிலும் தொண்டையிலும் வியர்வையிலும் நீர் உண்டு. ஆதலால் அது முதலில் தேடிச் செல்வது அவ்விடங்களையே.

நான்காவது, அது நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நஞ்சு, அவ்வகையில் முதலாந்தரம். மீனைக் காக்கும் பனிக்கட்டியை உண்டாக்கும் பொருளே நீரிற் கலந்தால் மீனைக் கொல்லும்.

ஐந்தாவது ஆபத்தைப் பற்றியே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு. அமோனியா எரியுமா? எரியும், ஆனால் எளிதில் எரியாது. காற்றில் நூற்றுக்கு 15 பங்கு முதல் 28 பங்கு வரை கலந்திருக்கும்போதே அது தீப்பற்றும். தீப்பற்றுவதற்கு வலுவான பொறி வேண்டும். பற்றினாலும் சுவாலை மெல்லவே பரவும். ஆகவே ஐக்கிய நாடுகளின் பாகுபாட்டு நூல் அமோனியாவைத் தனிச் சிறப்பாகக் கருத இடந்தருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் அதனை எரிபற்றும் வாயுக்களின் இரண்டாந்தரத்தில் வைத்தது. சரக்குப் போக்குவரத்து விதிகளோ அதனை நச்சு வாயு என்றும் அரிக்கும் பொருள் என்றும் குறிக்கின்றனவேயன்றி, எரிவாயு என்று குறிப்பதில்லை. பொருள் ஒன்றே, பலகை மாறுகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய்ச் சச்சரவு என்று சிலர் எண்ணலாம். ஒரு கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு 15 பங்கு என்பது பத்து இலட்சத்துக்கு 150,000 பங்கு. உயிராபத்து அளவாகிய 300 பங்கைப்போல் 500 மடங்கு. அந்த அளவு அமோனியா உள்ள அறையிலே காப்புடை இல்லாத மனிதன் நிற்கவே முடியாது. அப்படியானால் தீ யாரைத் தாக்கும்? நஞ்சுக்கு எதிராகக் காப்புடை பூண்டு உள்ளே செல்பவனைத் தாக்கும். 1984 ஆம் ஆண்டு செப்டெம்பரில், அமெரிக்காவின் சிரீவ்போட் நகரிலிருந்த குளிர்சாதனக் களஞ்சியம் ஒன்றில் அமோனியா கசிந்தது. இரசாயனக் காப்புடை அணிந்து கசிவை அடைக்கச் சென்ற தீயணைப்பு வீரர் இருவர், வாயு தீப்பற்றியபோது உள்ளே அகப்பட்டனர். ஒருவர் மாண்டார், மற்றவர் கடுந்தீக்காயம் அடைந்தார். நஞ்சைத் தடுத்த உடை நெருப்பைத் தடுக்கவில்லை.

நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 2018 ஆம் ஆண்டு ஏப்பிரலில், ஹொரணைப் பகுதியிலே இறப்பர்த் தொழிற்சாலை ஒன்றில், அமோனியா இருந்த தாங்கியினுள் தொழிலாளி ஒருவர் விழுந்தார். அவரைக் காக்க முனைந்தவர்களும் உட்பட ஐவர் உயிரிழந்தனர். அவர்களை உந்தியது மனிதருக்குரிய மிக உயர்ந்த குணம். தாங்கியினுள் இருந்த காற்று மூச்சுக்கு உரியதன்று என்ற ஒரு செய்தி அவர்கள் உள்ளத்தில் முன்னமே பதிந்திருந்தால், அக்குணம் வேறு வழியிற் செயற்பட்டிருக்கும்.

ஆலைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் இதிற் பங்குண்டு. 2023 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி நள்ளிரவை அண்டி, சென்னைக்கு வடக்கேயுள்ள எண்ணூரில், கப்பலிலிருந்து அமோனியாவைக் கரைக்குக் கொண்டுவரும் கடலடிக் குழாயிற் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம் முதலிய மீனவர் குடியிருப்புகளில் உறங்கிக்கொண்டிருந்தோர் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வீதிக்கு ஓடிவந்தனர். பலர் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டனர். கடல்நீரில் ஒரு லீற்றருக்கு 5 மில்லிகிராம் என்ற வரம்புக்கு எதிராக 49 மில்லிகிராம் அமோனியா காணப்பட்டது என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. மூச்சைத் தாக்கும் ஆபத்தும் மீனைத் தாக்கும் ஆபத்தும் ஓரிரவிலே ஒரே ஊரின்மேல் இறங்கின.

ஆகவே, அமோனியா உள்ள இடங்களில் செய்யத்தக்கவை சில உண்டு. ஐந்து ஆபத்துகளையும் தனித்தனியே, குறிப் படங்களோடு, அங்கே வேலை செய்பவன் படிக்கும் மொழியில் எழுதிவைத்தல் முதலாவது. தமிழ் படிப்பவனுக்கு ஆங்கிலத்தில் மட்டும் தொங்கும் பாதுகாப்பு அறிக்கை சுவரை மறைக்கும் தாளேயாகும். பொறியறையிலே தீப்பொறிக்கு இடமின்றிச் செய்தலும், நல்ல காற்றோட்டம் அமைத்தலும் இரண்டாவது. கண் கழுவும் நீர்க்குழாயை எட்டும் தூரத்தில் வைத்தல் மூன்றாவது. அமோனியா பட்ட கண்ணைக் குறைந்தது 15 நிமிடமேனும் ஓடும் நீரிற் கழுவி, உடனே வைத்தியரிடம் கொண்டு செல்லவேண்டும். தரையிற் சிந்திக் கிடக்கும் அமோனியாத் திரவத்தின்மேல் நீரை ஊற்றலாகாது. ஊற்றினால் அது இன்னும் விரைவாக ஆவியாகும்.

ஊரவர் அறியவேண்டியதும் ஒன்று உண்டு. அமோனியா வாயு காற்றிலும் இலேசானது. எனவே மேலெழுந்து போய்விடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் திரவம் பீறிட்டு வெளிப்படும்போது அது குளிர்ந்த வெண்புகாராகி நிலத்தோடு ஒட்டிப் படரும். அப்போது காற்றின் போக்கிலே ஓடுவது புகாரோடு ஓடுவதாகும். காற்றுக்குக் குறுக்காக விலகிப் பின்னர் காற்று வரும் பக்கத்தை அடைதல் வேண்டும். கச்சான் எத்திசையிலிருந்து வீசும், வாடை எத்திசையிலிருந்து வீசும் என்பதை இக்கரையோரத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவ்வறிவை ஆலையின் மதிலுக்கு அருகிலும் பயன்படுத்தினால் போதும்.

அமோனியாவின் நெடி இயற்கை வைத்த காவற்காரன். மிகச் சிறிய அளவிலேயே மூக்கு அதனை அறிந்துவிடும். ஆனால் நாள்தோறும் அந்நெடியிற் பழகிய மூக்கு மெல்ல மெல்ல மரத்துப்போகிறது. "எனக்கு ஒன்றும் மணக்கவில்லை" என்று பழைய தொழிலாளி சொல்வது பாதுகாப்புக்குச் சான்றாகாது. மூக்கு மறந்தாலும் மறவாமல் நிற்பதற்கே எழுத்தும் குறியும் தரமும் வகுக்கப்பட்டன. நமக்குப் பனிக்கட்டியும் வேண்டும், பசளையும் வேண்டும், அமோனியாவை விட்டு வாழ்தல் எளிதன்று. அதன் ஐந்து ஆபத்துகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்கக் கற்றுக்கொண்டு, அதனோடு வாழ்வோமாக.