மவுஸ் அவர் கையிலேயே இருக்கட்டும்

(மட்டக்களப்பு, கல்லடியில் நடைபெற்ற கிளைத் தொண்டர் பயிற்சியில் தோட்டப் பாடசாலை ஆசிரியையான எமது அமைப்பாளர் ஆற்றிய உரை)



நீங்கள் கணினி தெரிந்த பிள்ளைகள். உங்களிடம் உதவி கேட்டு வரப்போகிறவர்கள் கொழுந்து பறித்தவர்கள், மண்வெட்டி பிடித்தவர்கள், இந்த வாவியில் வலை இழுத்தவர்கள். "தம்பி, இது வேலை செய்யுதில்ல" என்று மட்டும்தான் சொல்வார்கள். "என்ன பிழை?" என்று திருப்பிக் கேட்காதீர்கள். அது தெரிந்தால் அவர் ஏன் வருகிறார்? "திரையில இப்ப என்ன தெரியுது, வாசிங்க அக்கா" என்று கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே பிடிபடும்.

திரை இருட்டாக இருந்தால் முதலில் பிளக்கையும் திரையின் தனி சுவிட்சையும் பாருங்கள். கடவுச்சொல்லை ஏற்கவில்லையென்றால் கெப்ஸ் லொக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இறக்கிய படிவத்தைக் காணோமென்றால் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது நம் நாட்டில் அடிக்கடி வரும் கேள்வி: "தமிழில் அடித்த கடிதம் அடுத்த கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியுது." அது வைரஸ் அல்ல, பாமினி எழுத்துரு. 'தமிழ்' என்று பாமினியில் அடித்தால் உள்ளே பதிவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள். பாமினி இல்லாத கணினி அந்தக் குறிகளையே காட்டும். பாமினியை நிறுவி, எழுத்தைத் தெரிவுசெய்து, எழுத்துருவை மாற்றினால் கடிதம் திரும்ப வரும். யூனிகோடில் தமிழுக்கென்றே தனி எண்கள் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. சங்கக் கடிதங்களை இனி யூனிகோடில் அடியுங்கள்.

படிவம் நிரப்பும்போது பெயரை உங்கள் காதுக்குக் கேட்டபடி அடிக்காதீர்கள். அடையாள அட்டையை மேசையில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். மாதாமாதம் தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8, தோட்டத்திடமிருந்து 12 என்று சேரும் சேமலாப நிதி அது. பெயரில் ஓர் எழுத்து மாறினால், வயதான காலத்தில் அந்தப் பணத்துக்காக அவர் பஸ் ஏறி அலைய வேண்டிவரும்.

இப்போது முக்கியமான விடயம். வரிசை நீளமாக இருக்கும்போது மவுஸை வாங்கி நாமே இரண்டு நிமிடத்தில் முடித்துவிடத் தோன்றும். செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லுங்கள்; கை அவருடையதாக இருக்கட்டும். இந்த வாவிக்கரைப் பிள்ளைகள் யாரும் கரையில் நின்று பார்த்து வலை வீசப் பழகவில்லை. அவர் பிழையாக அழுத்தினால், பின்னால் வருவது எப்படி என்று காட்டுங்கள். கணினி உடைந்துவிடும் என்ற பயம்தான் முதலில் போக வேண்டும்.

கடவுச்சொல்லும் அவருடையதே. கடைக்காரர் கொப்பியிலோ உங்கள் போனிலோ அதை எழுதி வைக்காதீர்கள். அவர் போனுக்கு வரும் ஓ.டி.பீ. இலக்கத்தையும் அவரே அடிக்கட்டும். வேலை முடிந்ததும் லொக் அவுட் செய்துவிட்டு எழும்பச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? பெரிய கங்காணிகள் காலத்தில் 'துண்டு' என்றொரு கடதாசி இருந்தது. தொழிலாளியின் கடன் அதில் எழுதியிருக்கும். அதைக் கட்டுகிற தோட்டம் அவரை எடுத்துக்கொள்ளலாம். தன்னால் வாசிக்க முடியாத கடதாசிக்கு அவர் கட்டுப்பட்டுக் கிடந்தார். 1921இல் சட்டம் அதை ஒழித்தது. இன்று அஸ்வெசும விண்ணப்பமும் வங்கிக் கணக்கும் திரைக்குள் வந்துவிட்டன. அந்தத் திரையைத் திறக்கும் சொல் இன்னொருவர் கொப்பியில் இருந்தால், நாம் மறுபடியும் ஒரு துண்டைத்தான் எழுதிக் கொடுக்கிறோம்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். எத்தனை படிவம் நிரப்பினீர்கள் என்று அடுத்த கூட்டத்தில் கணக்குக் காட்ட வேண்டாம். எத்தனை பேர் இரண்டாம் முறை நீங்கள் இல்லாமலே செய்தார்கள் என்று சொல்லுங்கள். அந்தக் கணக்கையே கிளைப் புத்தகத்தில் பதிவோம்.