வீட்டுத் தரகின் கணக்கு

(பல்லாவரத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டத்தில் வீட்டுத் தரகர் ஒருவர் பேசியது.)



தரகன் என்றால் உங்களில் பலருக்கு எரிச்சல். "வேர்வை சிந்தாமல் ஒரு மாத வாடகையைத் தட்டிக்கொண்டு போகிறான்" என்கிறீர்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ஆலையில் பீஸ் ரேட்டில் வேலை செய்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். நெய்த துணிக்குக் குறைந்த கூலியாவது உண்டு. எங்கள் தொழிலில் இருபது வீடு காட்டி ஒன்று முடிந்தால், மற்றப் பத்தொன்பதுக்கும் கூலி கிடையாது. குரோம்பேட்டை, பம்மல், அனகாபுத்தூர் என்று சுற்றிய பெட்ரோல் எங்கள் செலவு. பி.எப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. வந்த கமிஷனிலும் வீடு காலியென்று சொன்ன டீக்கடைக்காரருக்கும், பார்ட்டியை அழைத்து வந்த இன்னொரு தரகருக்கும் பங்கு.

இனி உங்கள் பக்கத்துக் கணக்கு. 50 லட்ச ரூபாய் வீடு. கமிஷன் நூற்றுக்கு 2 என்றால் 1 லட்சம். வாங்குகிறவருக்காக நான் வாதாடி விலையை 45 லட்சமாக இறக்கினால் அவருக்கு 5 லட்சம் மிச்சம், எனக்கு 10 ஆயிரம் நஷ்டம். வியாபாரம் முறிந்தாலோ முழு லட்சமும் போச்சு. ஆகவே விலை இறங்கக்கூடாது, இன்றைக்கே முடிய வேண்டும் என்றுதான் எந்தத் தரகனும் நினைப்பான். ஆளை மாற்றினாலும் இது மாறாது; கூலி கொடுக்கும் முறை அப்படி. "நாளைக்கு வேறு பார்ட்டி வருகிறது, இன்றே அட்வான்ஸ் போடுங்கள்" என்று நான் சொன்னால், அந்தப் பார்ட்டி இன்னும் பிறக்காமலே இருக்கலாம்! (சிரிப்பு)

பல்லாவரம் பெரிய ஏரியைப் பாருங்கள். குப்பை கொட்டினார்கள்; நடுவே ரேடியல் ரோடு போயிற்று. ஏரி எங்கே முடிகிறது, மனை எங்கே தொடங்குகிறது என்பதைத் தரகன் வாய்ச்சொல்லில் நம்பலாமா? 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. கிராஜுவிட்டியைப் போட்டு மனை வாங்கியவன் அதை விற்கவும் முடியாமல் தவித்தான். 2017ல் வரன்முறைத் திட்டம் வந்தபோது கட்டணம் பெரும்பாலும் அவன் தலையிலேயே விழுந்தது. தரகன் வாங்கிய கமிஷன் திரும்பி வரவில்லை.

2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு பெறவேண்டிய மனைப்பிரிவையும் அடுக்குமாடியையும் விற்றுத்தரும் தரகனும் பதிவு பெற வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 10 ஆயிரம் ரூபாய் அபராதம். விலையில் நூற்றுக்கு 5 வரை போகலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கம்பெனி முன்பணம் வாங்கக்கூடாது. தனியார் விற்கும் பழைய வீட்டுக்கு இந்தக் காவல் இல்லை. அங்கே வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

விவசாயத் தொழிலாளத் தோழர்களே, ஓர் ஏக்கர் சுமார் 18 கிரவுண்டு. நாற்று நட்ட நிலம் மனையாகும்போது சொந்தக்காரருக்கு விலை, சர்க்காருக்கு முத்திரைத் தீர்வை, எனக்குக் கமிஷன். நடவு நட்ட பெண்ணுக்கு அதில் காலணா கிடையாது. அவள் மறுநாள் அதே இடத்தில் சித்தாள் வேலை கேட்டு நிற்கிறாள். இதைப் பற்றி உங்கள் சங்கம் பேச வேண்டும், தரகன் பேசமாட்டான்.

மனை வாங்க நினைப்பவர்கள் பத்திர நகலோடு சங்கத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து படித்துப் பார்ப்போம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வாருங்கள்.