முதலாம் தரப் பிள்ளையும் எங்கள் வீட்டு மாலை நேரமும்

(மடுத் திருப்பதிக்கு வந்த எமது தோட்டக் குடும்பங்களும் தாழ்வுபாட்டு மீனவக் குடும்பங்களும் கூடிய பெற்றோர் சந்திப்பில், தோட்டப் பாடசாலை ஆசிரியையாகவும் சங்க அமைப்பாளராகவும் உள்ள தோழர் பேசியதன் எழுத்து வடிவம்.)

தோழர்களே, தாய்மாரே, எங்களுக்கு இருக்க இடம் தந்து மீன் குழம்போடு சோறும் போட்ட தாழ்வுபாட்டு உறவுகளே!

மலையிலிருந்து வந்த எங்களுக்கு இந்தக் கரை புதிதில்லை. கோப்பிக் காலத்தில் எங்கள் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே போனார்கள். வழியில் காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் செத்தவர்கள் எத்தனை என்று எந்த ஏட்டிலும் சரியான கணக்கில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியை நினைத்து நடந்தவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. அந்தக் கதையை இன்று நீட்டப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தக் காலத்தில் தொழிலாளியின் கடனை எழுதிய ஒரு தாள் இருந்தது, ‘துண்டு’ என்பார்கள். அந்தக் கடனை யார் கட்டுகிறானோ அவன் தோட்டத்துக்குத் தொழிலாளி போக வேண்டும். அதில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. 1921இல் அந்த முறை ஒழிக்கப்பட்டது. தாளைப் பார்த்தால் எங்களுக்கு வருகிற பயம் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை. பிள்ளையின் கொப்பியைத் திறக்கவும் பயப்படுகிற தாய்மாரை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அதனால்தான் இன்று தரம் ஒன்றைப் பற்றிப் பேச வந்தேன்.

ஐந்து வயது முடிந்த பிள்ளை தரம் ஒன்றுக்கு வருகிறது. “என்ன டீச்சர், ஒரு மாதமாச்சு, இன்னும் அ, ஆ எழுதவில்லையே, விளையாடிக்கொண்டுதான் இருக்குதுகள்” என்று கேட்பீர்கள். விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்று மூன்றாகத்தான் ஆரம்ப வகுப்பு நடக்கிறது. 1990களின் கடைசியில் வந்த சீர்திருத்தத்திலிருந்து அப்படித்தான். களிமண் பிசைவது, கடதாசி கிழித்து ஒட்டுவது, மணி கோர்ப்பது, கோடும் வளைவும் கீறுவது எல்லாம் விரலைப் பழக்குகிற வேலை. கொழுந்து எடுக்கப் புதிதாக வந்த பெண்ணுக்கு முதல் கிழமையே நிறை வருமா? விரல் பழக வேண்டாமா? வலை பின்னுகிறவர்களுக்கும் இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எழுத்து தொடங்கும்போது நான் ட, ப, ம என்று தொடங்குவேன். நேர்கோட்டில் நிற்கிற எழுத்துகள். அ, இ போன்றவற்றின் வளைவும் சுழியும் சின்னக் கைக்குக் கஷ்டம். ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்துவிட்டால் பிள்ளை படம், பட்டம், மடம், மட்டம் எல்லாம் வாசித்துவிடும். தானாக ஒரு சொல்லை வாசித்த பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எழுத்தைத் தேடிக்கொண்டு அதுவே வரும். வீட்டில் என்ன நடக்கிறது? தாத்தா பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்து ‘அ’வை ஒரு பக்கம் முழுக்க எழுத வைக்கிறார். பத்தாவது எழுத்தில் கை வலிக்கிறது, இருபதாவது எழுத்து கோணலாகிறது, தலையில் ஒரு குட்டு விழுகிறது. அடுத்த நாள் கொப்பியைப் பார்த்தாலே பிள்ளைக்கு வயிற்றுவலி. தாத்தாமார் கோபிக்கக் கூடாது. நாலு எழுத்து அழகாக எழுதினால் போதும், அதோடு எழுப்பி விடுங்கள்.

கணக்கும் அப்படித்தான். ஒன்று முதல் நூறு வரை பாட்டுப் போலச் சொல்கிற பிள்ளையிடம் “ஏழு கல் எடுத்து வை” என்றால் ஐந்தோ ஒன்பதோ எடுக்கும். வாய் போகிற வேகத்துக்கு விரல் போகவில்லை. முதலில் பத்துக்குள் நன்றாகப் பழகட்டும். ஏழு என்பது ஐந்தும் இரண்டும், நான்கும் மூன்றும், ஆறும் ஒன்றும் என்று கையால் பிரித்துப் பார்க்கட்டும். இதற்குப் புத்தகம் தேவையில்லை. உரித்த பூண்டுப் பல், அவரைக்கொட்டை, இங்கே என்றால் சிப்பி போதும். நேற்று இந்தக் கரையில் நிற்கிற காற்றாலைகளை எங்கள் பிள்ளைகள் எண்ணினார்கள்.  பிள்ளைகள் பதினொன்றில் சண்டை பிடித்துக்கொண்டார்கள். எண்ணியதை மறுபடி எண்ணக் கூடாது, ஒன்றையும் விடக் கூடாது என்று அந்தச் சண்டையில்தான் கற்றுக்கொண்டார்கள். நான் வகுப்பில் ஒரு கிழமை படாத பாடு படுகிற பாடம் அது.

இனி, பேச்சு. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இன்று காலை இங்கே ஒரு சின்னப் பிள்ளையிடம் காற்று எங்கிருந்து வீசுகிறது என்று கேட்டேன். வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று நான்கு காற்றையும் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் கையையும் காட்டியது. பக்கத்தில் நின்ற அதன் தாய், “பிள்ளைக்கு வடக்கு, தெற்கு தெரியாது டீச்சர்” என்று வெட்கப்பட்டார். அம்மா, நான்கு காற்றின் திசையும் தெரிந்த பிள்ளைக்கு வடக்கு என்ற சொல்லைக் கொடுக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். எங்கள் பிள்ளைகளும் மேக்கணக்கு, பணியக்கணக்கு, காம்பரா, பெரட்டு என்று வகுப்புக்குள் வருகிறார்கள். “இதெல்லாம் பேச்சா?” என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள், படித்தவர்களிலும் இருக்கிறார்கள். ஒரு தடவை சிரித்தால் போதும், அந்தப் பிள்ளை பிறகு மாதக்கணக்கில் வாய் திறக்காது. வாய் திறக்காத பிள்ளை வாசிக்கப் பழகுவது கடினம். வீட்டுச் சொல் பிழையான சொல் கிடையாது. அதோடு பாடப்புத்தகச் சொல்லையும் சேர்த்துக் கொடுப்பது எங்கள் வேலை.

“எங்களுக்கே படிப்பில்லை, நாங்கள் எதைச் சொல்லிக் கொடுப்பது” என்று கேட்கிற அம்மாமாருக்கும் இதுதான் பதில். எழுத்தை நான் சொல்லிக் கொடுக்கிறேன். நீங்கள் பேசுங்கள். அடுப்பில் ரொட்டி போடும்போது இன்றைக்கு மலையில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள், வகுப்பில் என்ன நடந்தது என்று கேளுங்கள். கதை தெரிந்த பாட்டிமார் எத்தனை பேர் லயத்தில் இருக்கிறார்கள்! பிள்ளையின் கொப்பியைத் திறந்து “இது என்ன எழுத்து, எனக்குக் காட்டு” என்று கேளுங்கள். தாய்க்குத் தெரியாததைத் தான் சொல்லிக் கொடுப்பதில் பிள்ளைக்கு இருக்கிற பெருமை கொஞ்சமில்லை. சம்பளச் சீட்டு வந்தால் பிள்ளையின் கையில் கொடுத்து, அதில் 5 எங்கே, 8 எங்கே என்று தேடச் சொல்லுங்கள். கூட்டிக் கழிக்க இன்னும் சில வருடம் ஆகும். அந்தத் தாள் பயப்படுகிற பொருள் இல்லை என்பது மட்டும் இப்போதே தெரியட்டும்.

ஆனால் இதற்கு நேரம் வேண்டும். காலையில் பெரட்டுக்கு ஓடி, மலையில் நின்று, நிறை போட்டு, பீலித் தண்ணீர் பிடித்து, சமைத்து முடிக்கிற தாயிடம் போய் “பிள்ளையோடு அரை மணி உட்காருங்கள்” என்று நான் எந்த முகத்தோடு சொல்வது? ஆண் தோழர்களே, இது உங்களுக்கு. தோட்டத்தில் உங்கள் வேலை பல நாள் மத்தியானத்தோடு முடிகிறது. கரையிலும் வலை வந்த பிறகு ஆண்களுக்கு ஓய்வு நேரம் உண்டு, மீன் காயவைக்கிற பெண்களுக்கு அது கிடையாது. கொப்பியைத் திறந்து பார்க்க அப்பாவுக்கும் கை இருக்கிறது. அக்காமாரிடம் தள்ளிவிடவும் வேண்டாம். தரம் ஆறில் படிக்கிற மகள் தம்பியின் பாடத்தையும் பார்த்து, சோறும் ஆக்கினால், அவளுடைய பாடத்தை யார் பார்ப்பது?

நிர்வாகங்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. முதலாம் தரப் பெற்றோர் கூட்டத்தை வேலை நாளில் காலையில் வைக்கிறார்கள். போனால் பேர் விழாது, அரைப்பேர்தான். போகாவிட்டால் “தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறை இல்லை” என்று பேச்சு. அக்கறை இல்லாதவர்களா, ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்த தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்? 1977க்குப் பிறகுதான் அது கட்டம் கட்டமாக நடந்தது. ஆகவே இரண்டு கோரிக்கை. கூட்டத்தைப் பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ வைக்கும்படி ஒவ்வொரு தலைவரும் தன் தோட்டத்துப் பாடசாலை அதிபரிடம் பேச வேண்டும். அது முடியாத இடத்தில், தவணைக்கு ஒரு தடவை கூட்டத்துக்குப் போகிற தாய்க்கு முழுப்பேர் போட வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுத வேண்டும். வருடத்துக்கு மூன்று காலை நேரம். இதனால் எந்தத் தோட்டமும் நட்டத்தில் போகாது.

கடிதத்தின் மாதிரியை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். மாவட்டத் தலைவர்கள் மேசையில் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன், கொண்டுவந்தவர்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு முன்னுக்கு வாருங்கள், ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம். சிவப்புப் பேனை நான் கொண்டு வரவில்லை.