பெயருக்குப் பின் வரும் எச்சம்

பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு வீட்டிலே தமிழ், கடைவீதியிலே அவ்வூர் மொழி, அலுவலகக் கோப்பிலே ஆங்கிலம் என்பது நாள்முறையாகிவிட்டது. அந்த ஆங்கிலத்தில் நன்கு கற்றவர்களும் இடறும் இடம் ஒன்று உண்டு. அதனை ஆங்கில இலக்கணத்தார் 'ரிலேட்டிவ் கிளாஸ்' என்பர். தொடர்புத் துணைவாக்கியம் என்று நாம் சொல்லலாம். நாம் அங்கே இடறுவதற்குக் காரணம் அறியாமையன்று. நம் தாய்மொழி அதே வேலையை வேறு வழியில் முடித்துவிடுகிறது என்பதே காரணம்.

'நேற்று வந்த பையன்' என்கிறோம். 'வந்த' என்பது பெயரெச்சம். அது பெயருக்கு முன்னே நிற்கும். ஆங்கிலமோ 'தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே' என்று பையனை முதலிற் சொல்லி, அவனைப் பற்றிய செய்தியைப் பின்னே வைக்கும். இடையில் 'ஹூ' என்னும் இணைப்புச் சொல் வரும். இந்த வரிசை மாற்றம் பழகிவிடக் கூடியதே. உண்மையான இடர் இதற்கு அப்பால் இருக்கிறது.

பெயரெச்சம் அறுவகைப் பொருட்பெயர்களைக் கொண்டு முடியும் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் வகுத்திருக்கிறார். 'வெட்டிய' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம். வெட்டிய ஆள், வெட்டிய மரம், வெட்டிய கோடரி, வெட்டிய இடம், வெட்டிய நாள், வெட்டிய வெட்டு என்று ஆறும் அதனோடு பொருந்தும். ஆள் வெட்டினான், மரம் வெட்டப்பட்டது, கோடரியால் வெட்டினான் என்னும் வேறுபாடுகளைக் கேட்பவர் தாமே உணர்ந்துகொள்வார். 'கோடரியால்' என்பதில் இருந்த 'ஆல்' உருபு, 'வெட்டிய கோடரி' என்னும்போது மறைந்துவிடுகிறது.

ஆங்கிலம் அவ்வாறு மறைய விடுவதில்லை. ஆளுக்கு 'ஹூ', மரத்துக்கு 'விச்', கோடரிக்கு 'வித் விச்', இடத்துக்கு 'வேர்', நாளுக்கு 'வென்' என்று உறவு ஒவ்வொன்றையும் வெளிப்படக் கூற வேண்டும். 'நான் குடியிருக்கும் வீடு' என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, 'தி ஹவுஸ் விச் ஐ லிவ்' என்று எழுதிவிடுகிறோம். 'வீட்டில்' என்பதன் 'இல்' தமிழில் மறைந்ததுபோல ஆங்கிலத்து 'இன்' என்பதும் மறைந்துவிட்டது. 'தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்' என்றோ, 'தி ஹவுஸ் விச் ஐ லிவ் இன்' என்றோ எழுதுவதே முறை.

இதற்கு நேர்மாறான பிழை ஒன்றும் உண்டு. 'தி மேன் ஹூம் ஐ மெட் ஹிம்' என்று சிலர் எழுதுவர். 'ஹூம்' என்பதே அம்மனிதனைக் குறித்துவிட்டபடியால் 'ஹிம்' மிகையாகும். இந்தி வழங்கும் ஊர்களில் வளரும் நம் பிள்ளைகள் இதில் கூடுதலாகக் கவனம் கொள்ள வேண்டும். இந்தியில் 'ஜோ' என்று தொடங்கினால் 'வஹ்' என்று முடிப்பது இயல்பு. தமிழிலும் 'எவர் உழைக்கிறாரோ அவர் உயர்வார்' என்கிறோம். ஆங்கிலத் தொடர்புத் துணைவாக்கியத்தில் இந்த இரண்டாவது சொல்லுக்கு இடமில்லை.

இனி, கால்புள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளமையில் மும்பையில் ஓர் அலுவலகத்தில் நான் எழுத்தராகச் சேர்ந்திருந்தேன். எங்களுக்கு வந்த 40 பெட்டிகளில் 6 உடைந்திருந்தன. அந்த ஆறையும் திருப்பியனுப்பிவிட்டு, 'தி பாக்ஸஸ், விச் வேர் ப்ரோக்கன், ஹேவ் பீன் ரிட்டர்ன்ட்' என்று கடிதம் எழுதினேன். இருபுறமும் கால்புள்ளி இட்டது அழகென்று எண்ணியிருந்தேன். சரக்கு அனுப்பியவரிடமிருந்து மறுமொழி வந்தது: 'பெட்டிகள் அனைத்தும் உடைந்தன, அனைத்தையும் திருப்பிவிட்டோம் என்கிறீர்கள். எமக்கு வந்தவை 6 மட்டுமே. மற்ற 34 பெட்டிகள் எங்கே?' கிடங்கைத் திறந்து எண்ணிக் காட்டும் வரையில் மேலதிகாரி என்னை ஐயத்தோடு நோக்கியதை இன்றும் மறக்கவில்லை.

கால்புள்ளி இல்லாதிருந்தால், 'உடைந்த பெட்டிகளை மட்டும்' என்று பொருள்பட்டிருக்கும். கால்புள்ளி வந்ததும் அது பெட்டிகள் அனைத்தையும் பற்றிய செய்தியாகிவிட்டது. 'டெல்லியில் இருக்கும் என் தம்பி' என்று தமிழில் சொன்னால், தம்பியர் எத்தனை பேர் என்பது விளங்காது. ஆங்கிலத்தில் 'மை பிரதர் ஹூ இஸ் இன் டெல்லி' என்று கால்புள்ளியின்றி எழுதினால், உடன்பிறந்தார் வேறு சிலரும் உளர் என்று படிப்பவர் கொள்வார். 'பிரதர்' என்பதன் பின் கால்புள்ளி இட்டால் அவர் ஒருவரே என்று கொள்வார். உயில், வாடகை ஒப்பந்தம், பணிவிதி ஆகியவற்றில் இவ்வேறுபாடு பெரும் பொருட்டாகும். வானொலியில் கால்புள்ளியைக் காட்ட இயலாது. ஆயினும், வாக்கியத்தை உரக்கப் படிக்கையில் அவ்விடத்தில் குரல் சற்றே நின்று செல்வதைக் கேட்கலாம்.

ஃபௌலர் என்னும் ஆங்கில அறிஞர் 1926-இல் வெளியிட்ட வழக்கு அகராதியில், வரையறுக்கும் இடத்தில் 'தட்' என்பதையும், கூடுதற் செய்தி சொல்லும் இடத்தில் 'விச்' என்பதையும் ஆள்வது நன்று எனப் பரிந்துரைத்தார். அனைவரும் அதனைக் கைக்கொள்வதில்லை. எனினும், கூடுதற் செய்தி சொல்லும் இடத்தில் 'தட்' வழங்காது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

ஐயம் எழும்போதெல்லாம் ஓர் எளிய சோதனை செய்து பாருங்கள். வாக்கியத்தை இரண்டாகப் பிரியுங்கள். 'இது ஒரு வீடு. நான் அந்த வீட்டில் இருக்கிறேன்' என்று பிரித்தால், மறைந்த 'இல்' உடனே வெளிப்படும். பின்னர், துணைவாக்கியத்தை விரலால் மறைத்துவிட்டு எஞ்சியதைப் படியுங்கள். யாரைப் பற்றி, எதைப் பற்றிச் சொல்கிறோம் என்பது அப்போதும் மாறாதிருந்தால் கால்புள்ளி இடுங்கள், மாறிவிட்டால் இடாதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் இதனைத் தமிழ் வாக்கியத்திலிருந்தே தொடங்கிக் கற்பியுங்கள். பெயரெச்சத்தை நன்கறிந்த பிள்ளை, ஆங்கிலத்தில் எது விடுபட்டது என்பதைத் தானே கண்டுகொள்ளும்.